பதினைந்தாம் தேதி வரைக்கும்

செத்துப்போனவன் கையெழுத்துப் போட்ட காசோலையை வங்கி என்ன செய்யும்? பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் பதிலையும் அவரே சொன்னார். "நமக்குத் தெரிஞ்சா திருப்பி அனுப்பணும். தெரியலைன்னா பணம் குடுத்துடலாம். ஆக, பேங்க்குக்குத் தெரியற வரைக்கும் எவனும் சாகறதில்ல." வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தபோது முழு மதிப்பெண்ணும் வாங்கினாள்.

எட்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், யாரோ கட்டிக்கொண்டிருந்த வீட்டின் இரண்டாவது மாடியில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்த அவள் அப்பா அப்படியே போய்விட்டார். வலிக்கிறது என்று சொல்லக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கூட வேலை பார்த்த பெயின்டர்கள் அவர் அசந்து தூங்குகிறார் என்று நினைத்து, சத்தம் போடாமல் பக்கத்து அறைச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை அடக்கம் முடிந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

போகாமல்? லீவு கேட்டால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் வங்கிக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கிளையில் அவள் பொறுப்பில் ஒரு பெட்டி இருந்தது. நீளமான தகரப் பெட்டி. உள்ளே அட்டை வைத்துப் பிரித்த முப்பத்தோரு அறைகள். வாடகைக்காரர்கள், கடைக்காரர்கள், தவணையில் வண்டி வாங்கியவர்கள் என்று பலரும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த பின்தேதிக் காசோலைகள் அவளிடம்தான் வரும். வர வேண்டிய மாதத்தைப் பார்த்துக் கட்டுக் கட்டி இரும்புப் பெட்டகத்தில் வைப்பாள். மாதம் பிறந்ததும் அந்தக் கட்டைப் பிரித்து, தேதிவாரியாகத் தகரப் பெட்டியில் போடுவாள். ஒவ்வொரு நாள் காலையிலும் அன்றைய அறையைக் காலி செய்து அதிகாரியின் பார்வைக்கு அனுப்புவாள். ஒரு நாள் முந்திப் போனாலும் செல்லாது. அதனால் அந்தப் பெட்டியை வேறு யாரும் தொடக் கூடாது. கேஷியர் அவளுக்குப் பெட்டிக்காரி என்று பெயர் வைத்தார். ஒரு வாரத்தில் மேனேஜர்கூட அவளை அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்த மாதம் பதினைந்தாவது அறையில் ஒரு காசோலை இருந்தது. கொடுத்தவர் அவள் அப்பா. வாங்க வேண்டியது தங்கை படிக்கும் நர்சிங் கல்லூரி. கடைசி வருடத்துக் கட்டணம், நான்கு தவணையில் நான்காவது. கல்லூரிக்கும் அதே கிளையில்தான் கணக்கு. காசோலை பாஸானால் அன்று சாயங்காலமே சின்னவளுக்குத் தேர்வு நுழைவுச் சீட்டு. திரும்பினால் இந்த முறை பரீட்சை கிடையாது. கல்லூரி அறிவிப்புப் பலகையில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

பணம் இல்லாமல் இல்லை. மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, அப்பா தானே வந்து கவுன்டரில் கட்டிவிட்டுப் போயிருந்தார். ஆனால் கணக்கு அவர் பெயரில் மட்டும், நாமினியும் போடவில்லை. கார்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டவர். "அந்த மிஷின்ல கார்டை முழுங்கிடுச்சுன்னா யாரு வாய்ல கை விட்டு எடுக்கறது?" ஆள் இறந்தது தெரிந்த நிமிடம் கணக்கை முடக்குவார்கள். அப்புறம் சான்றிதழ், வாரிசுப் பத்திரம், சாட்சிக் கையெழுத்து, நீதிமன்றத்து முத்திரை. ஆறு மாதத்துக்குக் குறைந்து முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, தாலுகா ஆபீசுக்கும் பேங்க்குக்கும் அலைந்து செருப்பு தேய்ந்த எத்தனையோ பெண்களிடம் அவளே, "ரூல்ஸ் அப்படிம்மா, நான் என்ன பண்றது?" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு அம்மாள் பதிலே சொல்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது இப்போது நினைவுக்கு வந்தது.

அவள் சம்பளம்? அதில் பாதி, அவள் படித்ததற்கு வாங்கிய கடனுக்கு, கைக்கு வருவதற்கு முன்பே அதே வங்கி பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் வீடு. தகுதிகாண் காலம் முடிய இன்னும் நான்கு மாதம். கணக்குதாரர் இறந்தது தெரிந்தும் மறைத்தாள் என்று வெளியே வந்தால் அந்த வேலையும் போகும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் மேடையில் கை தட்டுவார்கள். கீழே இறங்கியதும் எல்லாக் கணக்கையும் அவள் தலையில் கட்டுவார்கள்.

திங்கட்கிழமை காலை அவள் தலை வாரிக்கொண்டு கிளம்பியதை அம்மா வாசலில் உட்கார்ந்து பார்த்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"வேலைக்கு."

"நேத்துதான்டி அவரை…"

பெரியவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். காசோலை, பதினைந்தாம் தேதி, முடக்குவது, சின்னவளின் பரீட்சை. அம்மாவுக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியைத் திருப்பிக் கேட்டாள்.

"அப்போ அங்க யாருக்கும் சொல்ல மாட்ட?"

"மாட்டேன்."

"யாராவது கேட்டா?"

"நல்லா இருக்காருன்னு சொல்லுவேன்."

"பொழுதன்னைக்கும் அவரு உசுரோட இருக்கற மாதிரியே பேசிட்டு இருப்ப?"

"ஆமாம்மா. பதினைஞ்சாம் தேதி வரைக்கும்."

அம்மா அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு சொன்னாள். "எனக்கும் அப்படி ஒரு வேலை கிடைச்சா தேவலாம்டி."

பஸ் இரண்டு மாறிப் போக வேண்டும். முதல் பஸ்ஸில் அழுவாள். இரண்டாவது பஸ் ஏறுவதற்கு முன் நிறுத்தத்துக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொள்வாள். இரண்டாவது பஸ்ஸில் அழக் கூடாது. அவளே போட்டுக்கொண்ட ரூல்ஸ்.

வங்கியில் யாராவது அவள் அப்பாவைப் பற்றி விசாரிப்பார்கள் என்று அவள் பயந்தது வீண் இல்லை. கேஷியருக்கும் அவருக்கும் பெரிய சிநேகம். மாதம் பிறந்தால் அப்பா பெயின்ட் தெறித்த சட்டையோடு வந்து வரிசையில் நிற்பார். கேஷியர் அவர் நோட்டுகளை வாங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோவார். "உங்க நோட்டை எண்ணவே வேண்டாம் தலைவரே, மோந்து பாத்தா போதும். இன்னிக்கு என்ன, வெள்ளையா நீலமா?"

"ஆரஞ்சு சார். ஒரு ஸ்கூல்."

"ஆரஞ்சா? பாவம் பசங்க."

"பசங்களுக்குப் பிடிக்குது சார். வாத்தியாருங்கதான் கண்ணு கூசுதுங்கறாங்க."

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா கவுன்டரில் நின்று கேஷியரிடம், "அந்தக் கடைசி மேஜை என் பொண்ணு" என்று சொன்னார். கேஷியர், "மேஜையா உங்க பொண்ணு? நல்லா வளத்திருக்கீங்க, நாலு காலு" என்றார். அப்பா அதை வீட்டில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவளுக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. பெயின்ட் சட்டையோடு வராதீர்கள் என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தாள். சொல்லவில்லை. சொல்லாதது ஒன்றுதான் இப்போது ஆறுதல்.

திங்கள் காலை கேஷியர் கேட்டார். "என்ன பெட்டிக்காரி, அப்பா சௌக்கியமா?"

"நல்லா இருக்காரு சார்."

செவ்வாய், புதன், வியாழன் என்று தினமும் அதே கேள்வி. காலை வணக்கம் சொல்வதுபோல அவர் அதைக் கேட்டுக்கொண்டே பணப்பெட்டியைத் திறப்பார். பதிலைக் காதில் வாங்குகிறாரா என்பதே சந்தேகம். வெள்ளிக்கிழமை கூடுதலாக ஒன்று கேட்டார். "இப்ப எங்க வேலை?"

"ஒரு ரெண்டு மாடி வீடு சார்."

"என்ன கலரு?"

அவளுக்குத் தெரியவில்லை. அப்பா கடைசியாக என்ன நிறம் அடித்தார் என்று அவள் கேட்டதே இல்லை. "வெள்ளை" என்றாள். அன்று இரண்டு பஸ்ஸிலும் அழுதாள்.

காசோலையை எடுத்துப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தாள். பார்த்தாள். தினமும் பார்த்தாள். அதில் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. அந்தக் கையெழுத்து.

அப்பா நாற்பது வயது வரைக்கும் கைநாட்டு. அவள் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு படிவத்தில் அவர் கட்டைவிரல் உருட்டி வைத்ததைப் பார்த்துவிட்டு வகுப்பில் ஒருத்தி, "உங்கப்பா என்ன, திருடி மாட்டிக்கிட்டாரா?" என்றாள். அவளை அடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சண்டை போட்டாள். பெயின்ட் கம்பெனிக்காரன் கொடுக்கும் நிற அட்டை ஒன்றின் பின்பக்கம் அவர் பெயரை எழுதி, "இதைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகு. இல்லைன்னா என் படிவத்தைத் தொடாதே" என்றாள்.

அவர் அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெள்ளைப் பூச்சு அடித்துக் காய்ந்த சுவரில் பென்சிலால் எழுதிப் பழகினார். எழுதுவார், அதன் மேல் நிறம் அடித்துவிடுவார். பன்னிரண்டு அடிச் சுவரில் ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு இழுக்கிற கை, பேனாவைப் பிடித்தால் நடுங்கும். ஆறு மாதத்தில் கையெழுத்து வந்துவிட்டது. இந்த ஊரில் யார் யார் வீட்டுச் சுவரிலோ, படுக்கைக்குப் பின்னால், படத்துக்குப் பின்னால், பெயின்டுக்கு அடியில், அவர் பெயர் இருக்கிறது. வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது.

வங்கியில் கணக்குத் தொடங்கியபோது மாதிரிக் கையெழுத்து அட்டையில் அவர் போட்டது அவள் எழுதிக் கொடுத்த அதே எழுத்து, அச்சாக. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய நான்கு காசோலைகளையும் அவளே எழுதி அவர் முன்னால் வைத்தாள். அவர் கை கழுவிவிட்டு, துடைத்துவிட்டு, மறுபடி கழுவிவிட்டு உட்கார்ந்தார். முதல் கையெழுத்துக்கு ஐந்து நிமிடம். இரண்டாவதுக்கு இன்னும் கொஞ்சம். அவளுக்கு எங்கேயோ போக வேண்டியிருந்தது. எங்கே என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

"சீக்கிரம் போடுப்பா. பேரு எழுதறியா, கோலம் போடறியா?"

அவர் சிரித்தார். "நீதான வாத்தியாரு. திட்டாம இருந்தா நல்லா வரும்." மூன்றாவதைப் போட்டார். நான்காவதை, அவள் நின்றுகொண்டு செருப்பை மாட்டுவதைப் பார்த்து, அவசரமாகப் போட்டார். முதல் எழுத்து சாய்ந்துவிட்டது. கடைசி எழுத்தின் சுழி முடியாமல் ஓடிவிட்டது. அவள் பார்த்தாள். வேறு தாளில் எழுதி வாங்கியிருக்கலாம். ஒரு தாள் வீணாகுமே என்று நினைத்தாள். என் பெட்டிக்குத்தானே வரப்போகிறது, அப்படியே கேள்வி வந்தாலும் அப்பா எங்கே போகப்போகிறார் என்று நினைத்தாள்.

பதினைந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலையில் பதினைந்தாவது அறையில் இருந்த ஒன்பது காசோலைகளை எடுத்து, அப்பாவுடையதை நடுவில் செருகி அனுப்பினாள். அப்பாவின் போனை அன்றைக்கும் பையில் வைத்திருந்தாள். பணம் எடுக்கப்பட்டதும் அதற்குத்தான் செய்தி வரும்.

பெரிய தொகைக் காசோலைகளை அதிகாரி ஒருத்தர் கண்ணால் பார்த்துக் கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டும். அந்த மேடத்துக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். பெண்கள் கைப்பையில் வைக்கும் சின்னக் கண்ணாடி அளவுக்கு ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார். அவர் பெயரே பூதக்கண்ணாடி, அவருக்கும் தெரியும்.

ஒன்றரைக்கு மேடம் கூப்பிட்டு அனுப்பினார்.

"இது உங்கப்பா செக்தானே?"

"ஆமா மேடம்."

"கையெழுத்து ஒத்து வரலியேம்மா. இங்க பாரு, முதல் எழுத்து படுத்துக் கிடக்கு. முன்ன வந்த மூணும் கச்சிதமா இருந்துச்சு."

"அவசரத்துல போட்டிருப்பாரு மேடம்."

"இருக்கும். ஒண்ணும் தலை போற காரியம் இல்ல. ஒரு வார்த்தை அவரைக் கேட்டுக்கறேன்." சொல்லிக்கொண்டே திரையில் இருந்த எண்ணைப் பார்த்து மேஜைத் தொலைபேசியில் அழுத்தினார்.

அவள் தோளில் தொங்கிய பை அலறியது. சுவர் தேய்க்கிற இரைச்சலிலும் கேட்க வேண்டும் என்று அப்பா வைத்திருந்த மணி. பள்ளிக்கூடம் விடுகிற மணி மாதிரி. கிளை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கேஷியர் அங்கிருந்தே, "யாரும்மா ஸ்கூலைப் பையில வச்சிருக்கறது?" என்றார்.

மேடம் தொலைபேசியை வைத்தார். மணி நின்றது.

"அவர் போன் உங்கிட்ட இருக்கா?"

"காலைல… மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன் மேடம்."

"சரிதான். அப்போ ஒண்ணு பண்ணு. வேலை இடம் பக்கம்தானே? நேர்ல வரச் சொல்லு. ரெண்டு நிமிஷ வேலை. அவரால வர முடியலைன்னா இந்த உறுதிப் படிவத்துல கையெழுத்து வாங்கிட்டு வா. மூணரைக்குள்ள வந்துட்டா பாஸ் பண்ணிடறேன். வேற ஆளா இருந்தா இவ்வளவு பேச மாட்டேன், நேரா திருப்பிடுவேன்."

"தெரியும் மேடம். தேங்க்ஸ்."

படிவத்தோடு வெளியே வந்தாள். எங்கே போவது? அப்பா எங்கே வேலை பார்க்கிறாரோ அங்கே போக வேண்டும். நடந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு புகைப்படக் கடை. பக்கத்தில் மூடிக்கிடந்த ஒரு கடையின் படிக்கட்டு. அதில் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள்.

யோசிக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் நிற அட்டையின் பின்னால் எழுதிய அதே மூச்சில் எழுதினாள். ஒரே இழுப்பு. முதல் எழுத்து நிமிர்ந்து நின்றது. கடைசி எழுத்துச் சுழி வட்டமாக வந்து முடிந்தது. அந்தக் கையெழுத்து முதலில் அவளுடையதுதானே. அவர் கடன் வாங்கித்தானே போட்டுக்கொண்டிருந்தார்.

இதில் இவ்வளவு சுலபம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. படியில் இன்னும் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைத் தேடிப் போய், மாடி ஏறி, பேசிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு வர அவ்வளவு நேரம் ஆகும். அந்த நாற்பது நிமிடத்தில் அவர் என்ன சொல்லியிருப்பார் என்றும் யோசித்துப் பார்த்தாள். "இதுக்குத்தான் அன்னிக்கே திட்டாதேன்னு சொன்னேன்" என்பார்.

இரண்டே முக்காலுக்குப் படிவத்தை மேடத்தின் மேஜையில் வைத்தாள்.

மேடம் பூதக்கண்ணாடியை எடுத்தார். படிவத்தைப் பார்த்தார். மாதிரி அட்டையைப் பார்த்தார். காசோலையைப் பார்த்தார். திரும்பவும் படிவம். கதவைச் சாத்தச் சொன்னார்.

"உக்காரு. உன்னை ஒண்ணு கேப்பேன், மறைக்காம சொல்லணும்."

"சொல்லுங்க மேடம்."

"படிவத்துல இருக்கறதும் மாதிரி அட்டையில இருக்கறதும் மயிரிழை பிசகல. இது உங்கப்பாதான். சந்தேகமே இல்ல." காசோலையை விரலால் அவள் பக்கம் தள்ளினார். "இது வேற ஆளு. இவ்வளவு நல்லா கையெழுத்துப் போடற மனுஷன் இப்படிக் கோணலாப் போட மாட்டாரு. வீட்ல யாரோ போட்டிருக்கீங்க. அவரு வேலைக்குப் போயிருப்பாரு, செக் குடுக்க நேரமாச்சு, நீயே போட்டுட்ட. அப்படித்தானே? நான் சர்வீஸ்ல இந்த மாதிரி நூறு பாத்துட்டேன்."

அவள் காசோலையைப் பார்த்தாள். சாய்ந்த முதல் எழுத்து. முடியாமல் ஓடிப்போன சுழி. இரண்டு தடவை கழுவின கை. பக்கத்தில் ஒருத்தி செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"தப்புன்னு ஒத்துக்கோ, திட்ட மாட்டேன்" என்றார் மேடம். "ஆனா இதை நான் அவர் கையெழுத்துன்னு பாஸ் பண்ண முடியாது. இந்தப் படிவத்தை வச்சுப் பாத்தா இன்னும் பொய்யாத் தெரியுது."

"மேடம்."

"ம்."

"செக்ல இருக்கறதுதான் அவரு போட்டது. படிவத்துல இருக்கறதுதான் நான் போட்டது."

மேடம் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"அவர் வர மாட்டாரு மேடம். அஞ்சாம் தேதியே போயிட்டாரு."

"எங்க போயிட்…" என்று ஆரம்பித்த மேடம் பாதியில் நிறுத்தினார். வெளியே நோட்டு எண்ணும் இயந்திரம் சடசடவென்று ஓடி நின்றது. "அஞ்சாம் தேதின்னா… சனிக்கிழமை. நீ திங்கக்கிழமை வந்தியேம்மா. நான் உன் புடவை நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"ஆமா மேடம். சொன்னீங்க."

அவர் எழுந்து வந்து அவள் தோளில் கை வைப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, அவரும் வைக்கவில்லை. உறுதிப் படிவத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். எட்டாகக் கிழித்தார். துண்டுகளைத் தன் கைப்பையிலேயே போட்டு மூடினார்.

"இது நடக்கல" என்றார். பிறகு காசோலை திருப்பும் சீட்டை எடுத்தார். அதில் காரணங்கள் வரிசையாக அச்சடித்திருக்கும்; ஒன்றில் டிக் போட்டால் போதும். "கையெழுத்து மாறுபடுகிறது" என்ற வரிக்கு நேரே பேனாவைக் கொண்டுபோனார். "செக்கு திரும்பும். அதை என்னால தடுக்க முடியாது. ஆனா காரணம் இதுன்னு போட்டுட்டா உன் மேல ஒண்ணும் வராது. நாளைக்கு லீவ் லெட்டர் குடு. எந்தத் தேதி எழுதறதுன்னு யோசிச்சு எழுது."

"வேண்டாம் மேடம்."

"என்ன வேண்டாம்?"

"கையெழுத்து மாறலை. அது அவரோடது."

"அடிப் பைத்தியமே, இப்ப அதுவா முக்கியம்?"

"ஒரு கையெழுத்துதான் மேடம் அவரு சொந்தமாப் போட்டது. மத்ததெல்லாம் என்னைப் பாத்து எழுதினது. இது ஒண்ணுதான் அவரா போட்டது. இதைப் போய் அவரோடது இல்லைன்னு எழுதாதீங்க." அவள் குரல் ஏறியது. "செத்துட்டாருன்னு ஒரு வரி இருக்குல்ல, அதுல போடுங்க. அதுதானே நிஜம்."

"போட்டா தேதி கேப்பாங்கடி. பத்து நாளா இவளுக்குத் தெரியாதான்னு கேப்பாங்க. தகுதிகாண்ல இருக்க. மேனேஜர் ஒரே கையெழுத்துல உன்னை அனுப்பிடுவாரு."

"அனுப்பட்டும்."

"தங்கச்சி?"

"எப்படிப் போட்டாலும் அவளுக்கு இந்த வாட்டி பரீட்சை இல்ல மேடம்."

பேனா அந்தரத்தில் நின்றது. அவள் எட்டி அதை வாங்கினாள். கீழிருந்து இரண்டாவது வரியில், "கணக்குதாரர் இறந்துவிட்டார்" என்பதற்கு நேரே டிக் போட்டாள். பக்கத்தில் தேதிக்கான கட்டத்தில் ஐந்து என்று எழுதினாள். புத்திசாலித்தனமான காரியம் இல்லை, அவளுக்கும் தெரியும். பட்டம் வாங்கியவள், பயிற்சி வகுப்பில் முழு மதிப்பெண் எடுத்தவள். மேடம் அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, அடியில் தன் கையெழுத்தைப் போட்டார்.

மாடிப்படித் திருப்பத்தில் நின்று தங்கையைக் கூப்பிட்டாள். கல்லூரி அலுவலக வரிசையில் நின்றுகொண்டிருந்தவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னக்கா, போயிடுச்சா?"

"இல்லடி. திரும்பிடுச்சு."

அந்தப் பக்கம் வரிசைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ அடுத்து, அடுத்து என்றார்கள்.

"நான் தள்ளி நிக்கறேன்க்கா, பின்னாடி ஆளு இருக்காங்க" என்றாள் சின்னவள். கொஞ்சம் கழித்து, "ஆறு மாசம்தானே. எழுதிக்கறேன். நீ அழாத" என்றாள்.

"நான் எங்கடி அழறேன்?"

"அதான் சொல்றேன்."

மேஜைக்குத் திரும்பினாள். தகரப் பெட்டி திறந்தே இருந்தது. பதினைந்தாவது அறை காலி. பதினாறில் நான்கு காசோலைகள். யாருடைய வாடகையோ, யாருடைய வண்டியோ. பைக்குள் அப்பாவின் போன் ஒரு தடவை சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள்.

'அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் காசோலை திருப்பப்பட்டது. காரணம்: கணக்குதாரர் இறந்துவிட்டார். மேலும் விவரங்களுக்கு உங்கள் கிளைக்கு நேரில் வரவும்.'

பத்து நாளாக அவள் வங்கியிடமிருந்து மறைத்த விஷயத்தை வங்கி அவருக்கே எழுதித் தெரிவித்துவிட்டது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மேனேஜர் அறைக் கதவு திறந்து, மேடம் சீட்டோடு உள்ளே போவது தெரிந்தது.

கேஷியர் அன்றைய கணக்கை முடித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டை விரல்களுக்கு நடுவே விரித்துப் பிடித்தபடி இந்தப் பக்கம் திரும்பினார்.

"என்ன பெட்டிக்காரி, கையெழுத்து வாங்க அப்பாவைப் பாக்கப் போனியாமே? எப்படி இருக்காரு மனுஷன்?"

"செத்துட்டாரு சார்."

அவர் கட்டைவிரல் நோட்டின் மேல் நின்றது.

"பத்து நாளாச்சு சார்."

"பத்து நாளா? நான் தெனம் கேட்டனேம்மா…"

"நீங்க கேக்கறப்பல்லாம் இருந்தாரு சார்" என்றாள்.

அவர் விரித்த கட்டு கையில் மூடிக்கொண்டது. எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அதை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுக் கவுன்டர் கதவைத் திறந்துகொண்டு அவர் எழுந்து வந்தார். வேலை நேரத்தில் கேஷியர் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது. அவர் வந்து சேர்வதற்குள் அவள் தகரப் பெட்டியின் மேல் தலையைக் கவிழ்த்து, அந்தத் திங்கட்கிழமையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம், கிளை முழுவதும் கேட்கும்படி அழுதாள்.